ராஜையனுக்குத் தெரிந்த ரஸ்வேனா

ராஜையனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நல்லது சொல்லும்போது யாரும் என்னைப் பக்கச்சார்பு என்று சொல்லக் கூடாது பாருங்கள். அவர் கேட்காதவர்களுக்கெல்லாம் வழி சொல்வார். பாளையம் சிக்னலில் வண்டி நின்றால் போதும். பக்கத்து ஸ்கூட்டரில் இருப்பவர் முழிப்பதைப் பார்த்து, கண்ணாடியை இறக்கி, "மெடிக்கல் காலேஜுக்கா? நேரே போனா வண்டியெல்லாம் பிளாக்கு கேட்டியளா, இடத்தோட்டு திரும்புங்க" என்பார். பின்சீட்டில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சீதாலக்ஷ்மி. வலியசாலையில் வீடு. எங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவுக்கு செக்‌ஷன் ஆபீசர். ராஜையன் அதே பல்கலைக்கழகத்தில் டிரைவர். பாறசாலைக்காரர், ஐம்பத்தைந்து வயது, கறுத்து மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

லிதுவேனியா நாட்டில் ரஸ்வேனா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய பல்கலைக்கழகம். அவர்களுக்கும் எங்களுக்கும் எட்டு வருஷ ஒப்பந்தம், கலாசாரப் பரிமாற்றம் என்று பெயர். வருஷத்தில் இரண்டு முறை அங்கிருந்து ஐந்தாறு பேர் வருவார்கள், இங்கிருந்து ஐந்தாறு பேர் போவார்கள். வருகிறவர்களைக் கதகளிக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் கன்னியாகுமரிக்கும் கூட்டிப்போவோம். போகிறவர்கள் அங்கே மேடையேறித் திருவாதிரைக்களி என்ற கைகொட்டு நடனம் ஆடிவிட்டு, குளிரில் மூக்கு ஒழுகத் திரும்பி வருவார்கள். அதற்குள் என் மேஜையில் பதினேழு ஃபைல் முளைத்திருக்கும்.

வருகிறவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, இருக்கும் பத்து நாளும் ஊர் ஊராகக் கொண்டுபோவது, திரும்பக் கொண்டுவிடுவது எல்லாம் ராஜையன் வேலை. முதல் நாள் அவர்கள் பேச மாட்டார்கள். தூக்கம் கெட்டு, வெயிலில் முகம் சிவந்து, ஜன்னல் வழியாக வெறித்துக்கொண்டு வருவார்கள். அப்போது ராஜையன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்பார். எட்டு வருஷமாக எல்லோரிடமும் அதே கேள்விதான்.

"யுவர் ஹவுஸ் டு காலேஜ், வாட் வே?"

உன் வீட்டிலிருந்து காலேஜுக்கு எந்த வழியாகப் போவாய்? டிரைவருக்கு வேறென்ன கேட்கத் தெரியும் என்று முதலில் நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு யாரும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுப் படி இறங்குவதிலிருந்து ஆரம்பிப்பார்கள். மூலையில் ஒரு ரொட்டிக்கடை, அதைத் தாண்டினால் சரிவு, கீழே ஆறு, ஆற்றின் மேல் நடக்கிறவர்களுக்கு மட்டும் ஓர் இரும்புப் பாலம் என்று கையால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். இயேவா என்று ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும், நெய்யாற்றின்கரை தாண்டும்போது சொல்ல ஆரம்பித்தவள் அரண்மனை வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. அவள் சொன்ன வழியில் பாலத்தின் நடுவில் வந்ததும் அழுதுவிட்டாள். ராஜையன் வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டி, அவள் முடிக்கிறவரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் எடுத்தார்.

இப்படி எண்பது தொண்ணூறு பேர். எண்பது தொண்ணூறு வீடுகள், அத்தனை வழிகள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, அவர் மண்டைக்குள் ஓர் ஊரே உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர் சொன்னது மோதினால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருவர் கல்பாலம் வழியாகப் போனேன் என்பார், இன்னொருவர் அங்கே பாலமே இல்லை என்பார். அடுத்த குழு வரும்வரை ஆறு மாசம் அதைச் சுமந்துகொண்டு திரிவார். ஒரு நாள் காலையில் என் மேஜைக்கே வந்தார்.

"மேடம், தெளிஞ்சிப் போச்சு. அந்தப் பாலத்துக்க பணி நடந்துட்டிருந்து. ரெண்டு வருஷம் அடச்சுப் போட்டிருக்கான். இப்ப திறந்தாச்சாம்."

"எந்தப் பாலம் ராஜையன்? கரமனையா?"

"இல்ல மேடம், ரஸ்வேனாவுல."

போகாத ஊருக்கு வழி கேட்கிற ஆளைக் கதையில் கேட்டிருக்கிறேன், நேரில் இவரைத்தான் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. கிழக்கே கோட்டை சந்திப்பில் வண்டிகள் நகராமல் கிடக்கும். வெளியே ஹாரன், புகை, பூக்காரிகளின் சத்தம். ராஜையன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, "இப்ப அங்க லிண்டன் மரம் பூக்கிற சமயம் மேடம். தெரு முழுக்க மணம். ஆளுக ஜன்னலை அடைக்க மாட்டாங்க" என்பார். கேட்டுக்கொண்டே இருப்பேன். தூரத்தை நம் ஊர் கணக்கில்தான் சொல்வார். அங்கே ஸ்டேஷனிலிருந்து சந்தைக்கு, இங்கே தம்பானூரிலிருந்து சாலை பஜாருக்கு நடக்கிற தூரம். சந்தையிலிருந்து லைப்ரரிக்கு அதில் பாதி. கண்ணை மூடினால் சாலை பஜாரின் மிளகாய் நெடிக்கு நடுவே ஒரு குளிர்ந்த தெரு தெரியும். வீடு வந்து இறங்கும்போது எந்த ஊரில் இறங்குகிறோம் என்று ஒரு நொடி தடுமாறும்.

அவர் மனைவி பிரிஸில்லா ஒருமுறை என்னிடம் குறைப்பட்டாள். "சபையில பிரசங்கம் நடக்கும்போ இந்த மனுஷன் கண்ணைத் தொறந்து வச்சிட்டே அந்த ஊர்ல நடக்குதாரு மேடம். பாஸ்டர் பாத்துச் சிரிக்காரு. அந்த ரொட்டிக்கடையை அடச்சுட்டாங்கன்னு எவளோ சொல்லிப்போட்டா. அன்னைக்கு ராத்திரி கஞ்சி குடிக்கல்லே." பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். இருபது வருஷம் முன்னால் துபாய்க்குப் போக எடுத்த பாஸ்போர்ட் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். துபாய் நடக்கவில்லை. அதில் ஒரு முத்திரையும் விழவில்லை. போன வருஷம் யாரிடமும் சொல்லாமல் அதைப் புதுப்பித்து வாங்கி வந்து பைபிளுக்கு அடியில் வைத்திருக்கிறாராம்.

அந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு ஆசை. அதை யாரிடமும் சொல்லக்கூட இல்லை. அடுத்த மே மாதம் ரிட்டயர் ஆகிறார். ஒப்பந்தமும் இந்த வருஷத்தோடு முடிகிறது.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. கடைசி வருஷம் என்பதால், ஆசிரியர்களும் மாணவர்களும் அல்லாமல், அலுவலகத்தில் இந்தத் திட்டத்துக்காக உழைத்த ஊழியர் ஒருவரையும் ஒரு வாரம் விருந்தாளியாக அனுப்புங்கள் என்று ரஸ்வேனாக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கீழே ஒரு வரி, எங்கள் மாணவர்கள் உங்கள் டிரைவரை மிகவும் நினைவுகூர்கிறார்கள் என்று. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

அன்றே ராஜையன் பெயருக்கு நோட் போட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவ்வளவு ஆசையாக நான் ஒரு நோட் எழுதியதில்லை. ராஜையனிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஜன்மம் நான். அவர் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த வண்டியையே திரும்பவும் துடைத்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஃபைல் ஆறு மேஜை ஏறியது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வரி சேர்ந்தது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, ஓட்டுநரின் பணிக்கும் கலாசாரப் பரிமாற்றத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றும், பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் செல்வதே உசிதம் என்றும், அதற்கு உதவிப் பதிவாளர் பகவதிப்பெருமாள் பெயர் பரிந்துரைக்கப்படுகிறது என்றும் இருந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

பகவதிப்பெருமாள் சார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. கௌரவம் பார்க்கிறவர், அவ்வளவுதான். மாடிப்படியில் கால் தடுக்கினாலும், அப்படித்தான் ஏறுவேன் என்கிற மாதிரி ஏறுவார்.

"சார், இது நியாயமா சொல்லுங்கோ. அந்த ஊருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் கேட்டா வாங்கினேன் அம்மா? மேலேருந்து எழுதிட்டா. நான் வேண்டாம்னு எழுதினா வேற யாராவது போவா. ராஜையனை விடுவாளா?"

அவர் சொன்னதும் சரிதான். இருந்தாலும் கதவைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்தினேன்.

ராஜையனிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன். அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது, ஆபீசில் எது தங்கும்? மூன்றாம் நாள் வண்டியில் ஏறியதும் அவரே சொன்னார்.

"மேடம் விஷமிக்காண்டாம், சங்கடப்படாதீங்க. நம்ம பேரை ஒரு ஃபைல்ல எழுதி ஆறு பேரு படிச்சாங்க இல்லியா, அதே பெரிசு."

"என்ன பெரிசு? உங்களுக்குக் கோபமே வராதா ராஜையன்?"

"வருது மேடம்" என்றார். கியர் மாற்றினார். "வந்து என்ன செய்ய?"

பகவதிப்பெருமாள் சாரை விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டதும் அவர்தான். வழிநெடுக ஊரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கெஸ்ட் ஹவுஸ் எங்கே, எந்தத் தெரு வழுக்கும், எந்தப் பக்கம் வெயில் விழும் என்று. சார் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. வழியனுப்பத் தனியாகப் போயிருந்த நான் சாரின் கழுத்தில் தொங்கிய புது மஃப்ளரைப் பார்த்தே இன்னும் எரிச்சலோடு திரும்பினேன்.

இது நடந்து நாலாம் நாள். அக்டோபர், துலாமழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். ஐந்தரை மணி. மழைக்காக ராஜையன் என்னை வீட்டில் விட வந்துகொண்டிருந்தார். தம்பானூரில் பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. வைப்பர் தள்ளத் தள்ள தண்ணீர் திரும்ப வந்து மூடியது. அப்போது அவர் போன் அடித்தது. பகவதிப்பெருமாள் சார்.

வண்டி ஓட்டும்போது ராஜையன் போனைத் தொடமாட்டார், தெய்வமே கூப்பிட்டாலும். மெதுவாக ஒதுக்கி, ரயில்வே ஸ்டேஷன் மதிலோரம் நிறுத்தி, மழைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ராஜையா, கூட யாரும் இருக்காளா?"

ராஜையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று கையாட்டினேன்.

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்ல. ஒரு சின்ன குழப்பம். மத்தியானம் சாப்பாடானதும் அவாள்லாம் துணைக்கு ஒரு பையனை அனுப்பறேன்னா. நான்தான், எனக்கு எந்த ஊர்லயும் வழி தப்பினதே கிடையாது, கெஸ்ட் ஹவுஸுக்கு நடந்தே போயிடுவேன்னு சொல்லிட்டேன். இப்ப ஒரு மணி நேரமா சுத்திட்டு வந்த இடத்துக்கே வந்து நிக்கேன். நான் போன்ல போட்டிருக்கறது பேச மட்டும் செய்யற பேக், நெட் கிடையாது, மேப் வரமாட்டேங்குது. அவாளைக் கூப்பிட்டுக் கேட்க... அது சரியா இருக்காது, பாத்துக்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். நன்றாக வேண்டும்!

ராஜையன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், முன்னால என்ன தெரியுது?"

"ஒரு சின்ன மைதானம் மாதிரி. நடுவுல ஒரு பழைய கிணறு, மேல இரும்பு மூடி."

"வலத்த கைக்கு, கூரைகளுக்கு மேல, ரெட்டைக் கோபுரம் உள்ள சர்ச்சு தெரியுதா?"

"தெரியுது, தெரியுது!"

அப்பாடா என்றிருந்தது எனக்கு. கெஸ்ட் ஹவுஸ் அந்தச் சர்ச்சுக்குப் பின்னால்தான். எட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியும். அங்கிருந்து இரண்டு நிமிஷ நடை.

"நல்லது" என்றார் ராஜையன். "சர்ச்சை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு, எதிர்த்தாப்ல ஒரு சந்து இறங்கும் பாருங்க, அதுல போங்க."

நான் முன்னால் குனிந்து கிசுகிசுத்தேன். "ராஜையன், சர்ச்சுக்குப் பின்னாலதானே..."

அவர் போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கெஞ்சல், வெட்கம், சின்னப் பிள்ளை பலகாரத்தைத் திருடியது போன்ற ஒரு பயம், எல்லாம் இருந்தது.

"ஒரு பத்து மினிட்டு மேடம். சாருக்க கண்ணு அங்க சும்மாதானே இருக்கு."

சரி என்று தலையாட்டினேன்.

"சந்துல இறங்கியாச்சு" என்றது போன்.

"மெதுவா நடங்க சார். கல்லு வழுக்கும். இடத்த பக்கம் ஒரு பெரிய ஜன்னல் வரும், உள்ள ஆளுக உக்காந்து படிச்சிட்டு இருப்பாங்க."

"ஆமா. ஒரு கிழவி படிச்சுண்டிருக்கா. மடியில பூனை."

"பூனையா?" ராஜையன் என்னைப் பார்த்தார். பூனையை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "என்ன நிறம் சார்?"

"வழிக்கும் பூனைக்கும் என்னப்பா சம்பந்தம்? சாம்பல் நிறம்."

"சாம்பல்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இனி கொஞ்சம் போனா ரொட்டி வாசனை வரணும். பழைய கடையை அடச்சாச்சு, அதுக்க எதிர்ல வேற ஒண்ணு திறந்திருக்கான். வருதா?"

"வருது."

"எப்படி இருக்கு சார்?"

"எப்படின்னா... கொஞ்சம் புளிச்ச வாசனை. காலம்பற தோசைமாவுப் பாத்திரத்தைத் தொறந்தா வருமே, அந்த மாதிரி."

ராஜையன் கண்ணை மூடிக்கொண்டார். "எத்தனை பேரு சொன்னாங்க மேடம்" என்றார் என்னிடம், மெல்ல. "ஒருத்தர்கூட தோசைமாவுன்னு சொல்லல்லே."

வெளியே மழை வலுத்தது. ஸ்டேஷன் விளக்குகள் கண்ணாடியில் கரைந்து ஓடின. மதிலுக்கு அந்தப் பக்கம் நாகர்கோவில் பாசஞ்சர் ஊதியது எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். சார் மூச்சு வாங்குவது கேட்டது. இலை மிதிபடுவது கேட்டது. மரமெல்லாம் மஞ்சளாக நிற்கிறது என்றார். ஒரு வீட்டு வாசலில் ஆப்பிளைக் கூடையோடு வைத்திருக்கிறார்கள், ஆளைக் காணோம் என்றார். பிறகு அவர் காலடிச் சத்தம் மாறியது, தகரத்தில் நடப்பது போல.

"ராஜையா, இது ஏதோ இரும்புப் பாலம்."

"நடுவுல போனா லேசா ஆடும் சார். பேடிக்காண்டாம், ஒண்ணும் ஆகாது."

"ஆடுது." நாலு அடி. ஐந்து அடி. பிறகு சத்தம் நின்றது. "ராஜையா."

"சார்."

"நான் வரும்போது ஆத்தையே தாண்டலியே."

ராஜையன் வைப்பரை நிறுத்தினார்.

"இது கெஸ்ட் ஹவுஸுக்குப் போற வழியா?"

பொய் சொல்லுங்கள், ஏதாவது பொய் சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். உதவிப் பதிவாளரை, மூச்சு வாங்குகிற மனுஷரை, அன்னிய ஊரில் அலையவிட்டால் சும்மா விடுவாரா? ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாசம் இருக்கும்போது ஒரு மெமோ போதுமே. ஆனால் வழி விஷயத்தில் ராஜையனுக்குப் பொய் வராது.

"அல்ல சார்" என்றார்.

"பின்னே?"

"தப்புதான் சார். திரும்பிருங்க. அந்தக் கிணத்துகிட்ட போயி, சர்ச்சுக்குப் பின்னால... ரெண்டே மினிட்டு." செருமினார். "எனக்கு ஒருக்கா பாக்கணும்போல தோணிச்சு சார். வேற ஒண்ணும் இல்ல. மன்னிக்கணும்."

போனில் காற்று வீசுகிற சத்தம் மட்டும் வந்தது. அதற்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். ராஜையன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நனைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தண்ணி கறுப்பா இருக்கு, ராஜையா" என்றார் பகவதிப்பெருமாள் சார். குரலில் அந்த அதிகார மிடுக்கு இல்லை. "கறுப்புன்னா அழுக்கு இல்ல, பால் விடாத கட்டன்சாயா மாதிரி தெளிஞ்ச கறுப்பு. அதுமேல மஞ்சள் இலையா வந்துண்டே இருக்கு. கைப்பிடி சில்லுன்னு இருக்கு, உள்ளங்கை ஒட்டிக்கிது. அக்கரையில ரெண்டு பேர் ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கா. பேசலை, சும்மா உக்காந்திருக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு ஆறு மணிக்குத்தான் அடுத்த கூட்டம். இங்க மணி இப்ப மூணு. இனி எங்க போகணும், சொல்லு."

ராஜையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தத் தோள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாக யார் மேலெல்லாமோ கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு யார் மேலும் கோபப்பட முடியாமல் அழுதேன்.

"ராஜையா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் சார்." துண்டை எடுத்தார். "அக்கரைக்குப் போங்க. படி வரும். நூத்திப்பதினெட்டு படி. ஏற முடியுமா சார்?"

"ஏறுதேன். நீ எண்ணிக்கோ."

ராஜையன் எண்ண ஆரம்பித்தார். நான் பின்கதவைத் திறந்து, மழையில் நனைந்துகொண்டே சுற்றி வந்து, முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து நன்றாகக் கேட்டது.